எல்லார் மடியிலும் முப்பிடாதி

வாத்தியார் அருணாசலம் வீட்டுக் குடும்பப் படத்தில் ஆறாவதாக ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்த அன்றைக்கு எங்கள் சித்தலூரணியில் மழையும் பெய்யவில்லை, இடியும் இடிக்கவில்லை, கோயில் மணி தானாக அடித்துக்கொள்ளவும் இல்லை. அது வெறும் செவ்வாய்க்கிழமை. படம் கழுவுகிற கோவில்பட்டி லேபிலிருந்து பஸ்ஸில் வந்த கவரைப் பிரித்துப் பார்த்தேன். வாத்தியார், அவர் சம்சாரம், மூன்று பையன்கள் என்று நான் எண்ணி உட்கார வைத்த ஐந்து பேருக்கு முன்னால், தரையில், ரோஜா நிறப் பட்டுப் பாவாடையோடு, இடது கையை மார்போடு மடக்கிக்கொண்டு, வாயோரம் எச்சில் மினுங்க ஆறு வயசுப் பெண்பிள்ளை ஒன்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அது யார் என்று எனக்குத் தெரியும். ஊரில் யாருக்குத்தான் தெரியாது, ஹார்டுவேர் கடை சங்கரலிங்கத்தின் இளைய மகள் முப்பிடாதி. நாலு நாளைக்கு முன்னால், படத்தில் விழுந்துவிடாமல் அவளைக் கையைப் பிடித்துத் தள்ளிக் கூட்டிப் போனவன் நான்தான்.

பவளம் ஸ்டுடியோவை இருபத்திரண்டு வருஷமாக நடத்துகிறேன். பிள்ளைகளைப் படம் எடுப்பதைப் போல உயிரை வாங்குகிற தொழிலும் கிடையாது, அதைப் போல மனசு நிறைகிற தொழிலும் கிடையாது. தெருவெல்லாம் கெக்கலித்துக்கொண்டு வருகிற பிள்ளை, மாவு டின்னுக்குள் விழுந்து எழுந்ததுபோல் பவுடர் பூசி நாற்காலியில் ஏற்றியதும் வெளிச்சத்துக்கு விரித்த வெள்ளைக் குடையைப் பார்த்து வீரிட்டு அழும்; அப்பன்காரன் சிரி சிரி என்று முதுகில் ஒன்று போடுவான்; பிள்ளையை அடித்துச் சிரிக்கச் சொல்லுகிற ஜாதி பூமியில் நாம் ஒன்றுதான். நான் சாவிக்கொத்தை ஆட்டுவேன், காக்கையாகக் கரைவேன், ஆடாகக் கத்துவேன். அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் பிள்ளை எல்லாவற்றையும் மறந்து தன் சொந்த முகத்தோடு உலகத்தைப் பார்க்கிற ஒரு கண்சிமிட்டு நேரம் வரும், அதைப் பிடித்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு வேண்டாம். பெரியவர்களுக்கு அந்த நேரம் வருவதே இல்லை. அவர்களுக்கு நான் வைத்திருந்த வித்தை வேறு: அவர்கள் மனசுக்குப் பிடித்த யாரையாவது காமிராவுக்குப் பின்னால், என் தோளுக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவேன். அந்த ஆளைப் பார்த்ததும் கட்டிப்போட்ட முகம் தானாக அவிழும்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச ஜாதகத்தோடு குடும்பப் படமும் போக வேண்டும். பெண் எப்படி என்பதோடு அவளைச் சுற்றி யார் யார், எத்தனை பேர், கைகால் நேராக இருக்கிறதா என்று மாப்பிள்ளை வீட்டார் கண்ணாடி போட்டுப் பார்ப்பார்கள். ஜாதகம் பொய் சொல்லும், குடும்பப் படம் சொல்லாது என்பது நம்பிக்கை. அதனாலேயே எல்லாரும் குடும்பப் படத்தில்தான் பொய் சொல்லுவார்கள். சங்கரலிங்கம் தன் மூத்த மகள் கோமதிக்காக அந்த வெள்ளிக்கிழமை வந்தார். அவர் சம்சாரம் ஆவுடைத்தாய் இரண்டு பெண்களுக்கும் ஒரே துணியில் பாவாடை தைத்து, ஒரே மாதிரி பூ வைத்துக் கூட்டி வந்திருந்தாள். முப்பிடாதிக்கு ஒரு வயசுப் படம்கூட எடுத்ததில்லை. உட்காரப் பழகட்டும் என்றார்கள், மூணு வயசில் உட்கார்ந்தாள். நிற்கட்டும் என்றார்கள், நாலரையில் நின்றாள். அதற்குப் பிறகு யாரும் பேச்சை எடுக்கவில்லை. இன்றைக்குத்தான் அவளுக்கு முதல் படம் என்று ஆவுடைத்தாய் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சங்கரலிங்கம் என்னைத் தனியே இழுத்து, சின்னவள் இல்லாமல் ஒரு படம் போதும் என்றார். எந்தப் படமானாலும் அவள் இல்லாமல்தான் வேண்டும் என்பது அவர் பார்வையில் இருந்தது. எனக்கு இரண்டு பெண்கள் உண்டு, நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அதோடு விட்டேனா என்றால், தொழில் புத்தி என்று ஒன்று இருக்கிறதே, முப்பிடாதியை என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார வைத்து, எல்லாரும் பாப்பாவைப் பாருங்கள் என்றேன். பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்த்து, மடங்கிய கையின் மேல் மறு கையைத் தட்டிக் கைகொட்டிச் சிரித்தாள். கோமதி சிரித்தாள், சங்கரலிங்கமே சிரித்துவிட்டார், ஆவுடைத்தாய் முகத்தில் வந்தது சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நான் எடுத்த முகங்களில் அப்படி ஒன்று அதுதான் முதல். அந்தப் படத்தில்தான் அவள் இல்லை. அதற்குப் பிறகு நான் எடுத்த எல்லாக் குடும்பப் படத்திலும் இருந்தாள்.

வாத்தியார் சண்டைக்கு வந்தார். ஒரே பிலிமில் இரண்டு தடவை எடுத்துத் தொலைத்துவிட்டேன் என்றார். மறுபடி எடுத்தேன், இந்தத் தடவை அவர் சம்சாரத்தின் மடியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். லென்ஸைத் துடைத்தேன், காமிராவை மாற்றினேன், கறுப்புத் திரையை எடுத்துவிட்டு நீலத் திரையைக் கட்டினேன். திரைக்குத் தக்கபடி அவள் பாவாடைதான் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. அடுத்து எண்ணெய்க்கடைக்காரர் வீடு, அதற்கடுத்து கம்பவுண்டர் வீடு, எல்லா வீட்டிலும் ஒரு ஆள் கூடுதல். தனி ஆளாக உட்கார்ந்தால் வரமாட்டாள், பாஸ்போர்ட் படத்தில் வரமாட்டாள், கல்யாண ஜோடி மட்டும் நின்றாலும் வரமாட்டாள். ஒரு பிள்ளையாவது சேர்ந்து குடும்பம் என்று உட்கார்ந்தால் எங்கிருந்தோ வந்து இடம் பிடித்துவிடுவாள்.

ஒரு மாசம் எனக்கு வசவு. அப்புறம், நாற்பதை எட்டப்போகிற வயசிலும் பெண் அமையாமல் இருந்த எண்ணெய்க்கடைக்காரர் மகனுக்குப் படம் எடுத்த பதினஞ்சாம் நாள் சம்பந்தம் கூடிவந்தது. கம்பவுண்டர் மருமகளுக்கு ஒன்பது வருஷம் கழித்து நாள் தள்ளிப்போனது. ஊருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? வசவு ஓய்ந்து வரிசை வந்தது. சின்னாத்தா என்று பெயர் வைத்தார்கள். சின்னாத்தா மடியில் உட்கார்ந்தால் பிள்ளை வரம், தரையில் உட்கார்ந்தால் சர்க்கார் உத்தியோகம், நின்றால் கோர்ட்டு வழக்கு ஜெயம், கண்ணை மூடியிருந்தால் மட்டும் ஒரு வாரம் வெளியூர்ப் பயணம் ஆகாது என்று பலன் எழுதி, அதை நோட்டீஸாகவே அடித்து ஒருவன் பஸ் ஸ்டாண்டில் விற்றான். படம் எடுக்க வருகிறவர்கள் நடுவில் ஒரு பிள்ளை கொள்ளுமளவு இடம் விட்டு உட்காரப் பழகினார்கள். ஒரு குடும்பம், பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல், அந்த இடத்துக்குக் கைக்குட்டை போட்டு வைத்தது. மேலத்தெருக்காரர்கள் மட்டும், காலனிப் படங்களிலும் சின்னாத்தா உட்கார்ந்திருக்கிறாளாமே, அந்த மடியிலிருந்து எழுந்து இந்த மடிக்கு எப்படி வரலாம் என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். மூணு மணி நேரம் பேசிவிட்டு, படத்துக்குத் தீட்டு இல்லை என்று தங்களுக்குத் தாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து நின்றார்கள். எச்சில் வடிகிறதே, அதை மட்டும் அழித்துத் தர முடியுமா என்று கேட்ட ஒருவருக்குக் கிணற்று மோட்டார் புகைந்துபோனது. அதற்குப் பிறகு அந்த எச்சிலைத் தேன் என்றார்கள்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது முப்பிடாதி தன் வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள். காலையில் ஆவுடைத்தாய் தலைவாரி உட்கார வைப்பாள், போகிற வருகிறவர்களைப் பார்த்து அவள் கைகொட்டுவாள். தங்கள் வீட்டுக் கூடத்தில் அவள் படத்துக்குச் சந்தனம் வைத்து விளக்கேற்றிவிட்டு வந்த பெண்கள், பூப்புனித நீராட்டுக்குத் தட்டு எடுத்துப் போகும்போது, அவள் எதிரே படக்கூடாது என்று வடக்குத்தெரு வழியாகச் சுற்றிப் போனார்கள். பால்வாடியில் சேர்க்கப் போனபோது மற்றப் பிள்ளைகள் பயப்படும் என்றார்கள். அப்படிச் சொன்ன அம்மாளின் தலைக்கு மேலேயே சுவரில் சின்னாத்தா சிரித்துக்கொண்டிருந்தாள். தெரியாமல் செய்தார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரே முகம், ஒரே மடங்கிய கை, ஒரே பாவாடை. ஊர் முழுக்கத் தெரிந்த ஒன்றை ஊர் முழுக்கத் தெரியாததுபோல் நடந்துகொள்வதற்கு யாரும் யாரையும் கூப்பிட்டுச் சொல்லிவைக்க வேண்டியதில்லை.

ஆவுடைத்தாய் மத்தியானங்களில், புருஷன் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து, முப்பிடாதியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வருவாள். வாங்கிப் போகாத படங்களையும் மாதிரிக்காகப் பெரிதாக்கிய படங்களையும் நான் சுவர் நிறைய மாட்டியிருந்தேன். ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். இதில் தலை கலைந்திருக்கிறது, இதில் அழுதிருப்பாள்போல, இந்த அம்மாள் பிள்ளையைச் சரியாகப் பிடிக்கவில்லை, விழுந்துவிடும் என்பாள். தன் வீட்டுக்கு ஒரே ஒரு படம், அதில் அவள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள். அதற்கும் புருஷன் உட்காரச் சம்மதிக்க வேண்டும் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

நான் அவளிடம் ஒன்றை மறைத்தேன். பங்குனிப் பொங்கலுக்குக் கோயில் கமிட்டிக்காகக் கூட்டத்தைப் படம் எடுத்தபோது அதில் ஆவுடைத்தாயும் விழுந்திருந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. படம் வந்தபோது இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்திருந்தது, கை வளைந்திருந்தது, சேலை அழுந்தியிருந்தது, பிள்ளை இல்லை. ஊரார் வீடெல்லாம் ஏறி இறங்குகிறவள் பெற்ற வீட்டுப் படத்தில் மட்டும் வரமாட்டாள் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. முதலில் யார் தள்ளியது என்று யோசித்தால் என் கைதான் ஞாபகத்துக்கு வந்தது. படத்தை மேசை இழுப்பறைக்குள் அடியில் போட்டுப் பூட்டினேன்.

கோமதிக்குச் சாத்தூர்ப் பக்கமிருந்து சம்பந்தம் வந்தது. பேங்க் உத்தியோகம், ஒரே பையன். மாப்பிள்ளையின் அம்மா வடிவு, சின்னாத்தா புண்ணியத்தில் நல்ல இடமாக அமைய வேண்டும் என்று முந்தின வருஷமே குடும்பத்தோடு என்னிடம் வந்து படம் எடுத்துப் போனவள். நிச்சயதார்த்தத்தன்று அவள் அந்தப் பெருமையைச் சொல்லிவிட்டு, இதே ஊர்க்காரர்கள் நீங்கள், ஜாதகத்தோடு வந்த படத்தில் சின்னாத்தாவைக் காணோமே, உங்கள் வீட்டு மற்றப் படங்களில் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டாள். சங்கரலிங்கம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று சொன்னார். அந்த நேரம் உள்ளறையில் வெளியே தாழ் போட்டு, சத்தம் வராமலிருக்கக் கை நிறைய முறுக்குக் கொடுத்து முப்பிடாதியை உட்கார வைத்திருந்தார்கள். அடுப்படியில் நின்ற ஆவுடைத்தாய்க்கு இரண்டும் கேட்டது, புருஷன் சொன்னதும் பிள்ளை முறுக்கைக் கடிப்பதும்.

கல்யாணம் ஆவணியில். தாலி கட்டி முடிந்து, நான் மேடையில் குடும்பத்தை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். பெண்ணின் அம்மாவைக் காணோம் என்று தேடினார்கள். ஆவுடைத்தாய் சாப்பாட்டுக்கூடத்துப் பக்கமிருந்து வந்தாள். இடுப்பில் முப்பிடாதி, அக்காளுக்கு எடுத்த பட்டிலேயே தைத்த பாவாடை, தலை நிறையப் பூ. நாதஸ்வரக்காரர் தானாக நிறுத்திவிட்டார். பந்திக்கு ஓடிக்கொண்டிருந்த சனம்கூட நின்று திரும்பிப் பார்த்தது. ஒரு படி, இரண்டு படி, மூன்று படி என்று ஏறி வந்து மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இது யாரு மதினி?" என்று வடிவு கேட்டாள். கேட்ட குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"எம் ரெண்டாவது மக. ஒங்க வீட்டுப் படத்துல ஒங்க மடியில உக்காந்திருக்காள்ள, அவதான்."

வடிவு பிள்ளையை மேலிருந்து கீழே பார்த்தாள். மடங்கிய கையைப் பார்த்தாள், வாயோரத்தைப் பார்த்தாள், முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அரையடி தள்ளி நின்றாள். "அது தெய்வமில்லா," என்றாள். "இத எதுக்கு மேடையில ஏத்துதீக? நாளைக்கு நாலு பேரு படத்தப் பாத்தா எங்க வம்சத்தையில்ல சொல்லுவாங்க."

கோமதி மாலைக்குள் தலையைக் குனிந்துகொண்டாள். சங்கரலிங்கம் மேடைப் படியைப் பார்த்தார். ஆவுடைத்தாய் அவரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள், இறக்கிவிடச் சொன்னால் பிள்ளையோடு தானும் இறங்கிப் போய்விடுவது என்ற முகத்தோடு. ஒரு கல்யாணம் என் கண் முன்னால் கெடப்போகிறது. நான் காமிராவை வைத்துவிட்டு மேடையேறி, சங்கரலிங்கத்தின் காதோரம் போய், எனக்குத் தெரிந்த அந்த ஒரு விஷயத்தைச் சொன்னேன்.

"நிக்கட்டும் அண்ணாச்சி. எப்படியும் ஒங்க வீட்டுப் படத்துல அவ விழமாட்டா."

அவர் அதை வடிவின் காதில் சொன்னார், வடிவு தன் புருஷன் காதில் சொன்னாள், காதுக்குக் காது போய் மேடை முழுக்க எல்லார் முகமும் தெளிந்தது. நாதஸ்வரம் மறுபடி எழுந்தது. சங்கரலிங்கம் தானே போய்ப் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறந்து ஏழு வருஷத்தில் ஊர் பார்க்க அவர் அவளைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. வடிவுகூட அவள் கன்னத்தைத் தொட்டு ஒரு லட்டு கொடுத்தாள். மாப்பிள்ளை மடியில் ஒரு படம், கோமதி தோளில் ஒரு படம், எல்லாரும் சுற்றி நிற்க நடுவில் முப்பிடாதி மட்டும் நாற்காலியில் ஒரு படம். அவள் கைகொட்டிச் சிரித்தபடியே இருந்தாள், சாவிக்கொத்துக்கு வேலையே வைக்கவில்லை. ஆவுடைத்தாய் அழுதுகொண்டே சிரித்தாள். அத்தனை பேர் முன்னால் என் பிள்ளை என்று சொன்னேன், அவர் மனசு இறங்கிவிட்டது என்று அன்றைக்கு இலை போட்ட பெண்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆல்பம் தயாரானதும் அவளே வாங்க வந்தாள். பிள்ளையை இறக்கிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, முதல் பக்கத்தைத் திருப்பினாள். மாப்பிள்ளை ஒன்றுமில்லாத ஒன்றை மடியில் அணைத்துக்கொண்டிருந்தான். அடுத்த பக்கம். கோமதியின் தோளில் பட்டு அழுந்தியிருந்தது. எல்லாரும் சுற்றி நின்று வெறும் நாற்காலியைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார்கள். ஒரு பக்கம்கூட விடாமல், நடுவில் நிமிராமல், கடைசி அட்டை வரைக்கும் பார்த்தாள்.

"அழிச்சிட்டீகளா அண்ணாச்சி?"

"இல்ல தாயி. சத்தியமா நான் அழிக்கல."

"பெறகு?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் இன்னொரு பொய்யைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. பங்குனிப் பொங்கல் படத்தை எடுத்துக் காட்டினேன். மேடையில் சங்கரலிங்கத்தின் காதில் சொன்னதையும் சொன்னேன். அவள் ஆல்பத்தை மூடி அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"அப்ப, விழமாட்டான்னு தெரிஞ்சுதான் அவுக தூக்குனாகளா?" என்று கேட்டாள்.



இதற்குள் முப்பிடாதி சுவரைப் பிடித்து ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து, தாழ மாட்டியிருந்த ஒரு பெரிய படத்துக்கு முன்னால் போய் நின்றிருந்தாள். எந்த ஊர்க் குடும்பமோ, எனக்குப் பெயர்கூட ஞாபகமில்லை. நீலச் சேலை கட்டிய பெண் ஒருத்தி, மடியில் முப்பிடாதி. அவள் முதலில் படத்திலிருந்த தன்னைத் தொட்டாள், தொட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு விரலை மெல்ல மேலே நகர்த்தி அந்தப் பெண்ணின் முகத்தில் வைத்து, எங்கள் பக்கம் திரும்பி, தனக்குச் சொல்லத் தெரிந்த மூன்று வார்த்தைகளில் ஒன்றைச் சொன்னாள்.

"அம்மா."

ஆவுடைத்தாய் எழுந்து போனாள். பிள்ளைக்குப் பக்கத்தில் குத்தவைத்து, முந்தானையால் அதன் வாயைத் துடைத்துவிட்டு, அந்த நீலச் சேலைக்காரியை ஏறிட்டுப் பார்த்தாள். பிள்ளை விரலை எடுக்காமல் அவள் பதிலுக்குக் காத்திருந்தது.

"ஆமா தாயி," என்றாள். "அம்மாதான்."